கம்பைல் ஆகுது, ஆனா ஓட மாட்டேங்குது!

சி படிக்க ஆரம்பித்த எல்லோருக்கும் முதல் செமஸ்டரிலேயே ஒரு நம்பிக்கை வந்துவிடும். கம்பைலர் திட்டாமல் விட்டுவிட்டால் வேலை முடிந்தது என்ற நம்பிக்கை. செமிகோலன் விட்டால் திட்டும், வேரியபிளை அறிவிக்காமல் விட்டால் திட்டும். ஒன்றும் சொல்லாமல் கர்சர் அடுத்த வரிக்கு வந்து நின்றால் அப்பாடா என்றிருக்கும். அதற்குப் பிறகு தப்பான விடை வரலாம், செக்மென்டேஷன் ஃபால்ட் வரலாம். ஆனால் புரோகிராம் ஓடவாவது ஓடும் அல்லவா?

ஓடாது. கம்பைல் ஆகி, லிங்க் ஆகி, எக்ஸிக்யூட்டபிள் கோப்பு கண் முன்னே இருக்கும். ஓட்டினால் ஒரே ஒரு வரி வரும்: "எர்ரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ்", பிறகு ஏதோ ஒரு லைப்ரரியின் பெயர், பிறகு "கேனாட் ஓப்பன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி". அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் போனால் டிஸ்கில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற கோப்பை இல்லை என்று சாதித்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

(கட்டளைகளை எல்லாம் நாம் வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.)

முதலில் ஹலோ வேர்ல்டையே எடுத்துக்கொள்வோம். அதில் பிரின்ட்எஃப் என்று கூப்பிடுகிறோம். பிரின்ட்எஃப்பை நாம் எழுதவில்லை. அது லிப்சி.எஸ்ஓ.6 என்ற கோப்பில் இருக்கிறது. அந்த 6 என்ற எண் 1997-ல் கிளிப்சி 2 வந்ததிலிருந்து இன்றுவரை மாறவே இல்லை. நம் எக்ஸிக்யூட்டபிளுக்குள் பிரின்ட்எஃப் கிடையாது, "எனக்கு லிப்சி.எஸ்ஓ.6 வேண்டும்" என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கிறது.

எங்கள் பழவேற்காட்டில் ஏரிக்குள் போகிறவர்கள் சோறும் தண்ணீர் கேனும் படகிலேயே எடுத்துப் போவார்கள். நடு ஏரியில் கடை இல்லையே. அது ஸ்டாட்டிக் லிங்கிங். வேண்டியதெல்லாம் எக்ஸிக்யூட்டபிளுக்குள்ளேயே கட்டுச்சோறாக இருக்கும். கனமாக இருக்கும், ஆனால் யாரையும் நம்ப வேண்டாம். ஊருக்குள் இருக்கும்போது யாரும் கேன் தூக்கித் திரிவதில்லை, பொதுக் குழாயில் பிடித்துக்கொள்வார்கள். அது ஷேர்டு லைப்ரரி. இடம் மிச்சம் என்பதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிவந்தபோது, அந்த ஒரு லைப்ரரியை மாற்றிவிட்டு அதைப் பயன்படுத்தும் புரோகிராம்களை நிறுத்தி மறுபடி ஓட்டினால் போதுமானதாக இருந்தது. கட்டுச்சோறாகக் கட்டி வைத்திருந்தவர்கள் ஒவ்வொன்றாக மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இங்கே வேலை பார்ப்பது ஒரே ஆள் இல்லை, இரண்டு பேர். கம்பைல் செய்யும்போது வருபவர் லிங்கர். புரோகிராம் ஓடும்போது வருபவர் லோடர், அவர் பெயர் எல்டி.எஸ்ஓ. இருவரும் பார்க்கும் இடங்கள் வேறு வேறு. லிங்கர் லைப்ரரியைக் கண்டுபிடித்து, நாம் கூப்பிட்ட ஃபங்ஷன்கள் அதில் இருக்கின்றனவா என்று சரிபார்த்து, எக்ஸிக்யூட்டபிளில் அதன் பெயரை மட்டும் எழுதி வைக்கிறார். எங்கே கண்டுபிடித்தார் என்பதை எழுதுவதில்லை. பெயர் மட்டும்தான், முகவரி இல்லை. லோடர் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தனக்குத் தெரிந்த தெருக்களில் தேடுகிறார். அந்தத் தெருக்களில் கிடைக்கவில்லை என்பதைத்தான் "நோ சச் ஃபைல்" என்று சொல்கிறார். மொத்த டிஸ்கிலும் இல்லை என்று அவர் சொல்லவே இல்லை. எங்கள் ஊரில் வந்து ஒருவர் பெயரை மட்டும் சொல்லி விசாரித்துப் பாருங்கள். "எந்தக் குப்பம்? கோட்டைக்குப்பமா, ஆண்டிக்குப்பமா, நடுவூர் மாதாகுப்பமா?" என்பார்கள். குப்பம் தெரியாமல் போனால் ஆளைப் பிடிக்க முடியாது. ஆள் என்னவோ வீட்டில்தான் இருப்பார்.

லோடர் தேடும் தெருக்கள் இவை. புரோகிராமுக்குள்ளேயே யாராவது பாதை எழுதி வைத்திருந்தால் அது. எல்டி லைப்ரரி பாத் என்ற சூழல் மாறியில் சொல்லியிருக்கும் ஃபோல்டர்கள். (இந்த இரண்டில் எது முந்தி என்பது உள்ளே எழுதிய பாதை பழைய வகையா புதிய வகையா என்பதைப் பொறுத்தது; இப்போதைக்கு விட்டுவிடலாம்.) அடுத்து /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கேஷ் என்ற கோப்பு. கடைசியாக லிப், யூஎஸ்ஆர் லிப் போன்ற வழக்கமான ஃபோல்டர்கள். இதில் கேஷ்தான் முக்கியமான ஆள். ஒவ்வொரு முறையும் ஃபோல்டர் ஃபோல்டராகத் துழாவினால் நேரமாகும் என்பதால், எந்த லைப்ரரி எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தயாரித்து வைத்த பட்டியல் அது. பட்டியல் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. எல்டிகான்ஃபிக் என்ற கட்டளையை யாராவது ஓட்டினால்தான் புதுப்பிக்கும். பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

என் சித்தி மகள் கதையைச் சொன்னால் புரியும். எம்.எஸ்ஸி. படிக்கிறாள். ஏரித் தண்ணீரின் உப்புத்தன்மை மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகிறது என்பது அவளுடைய புராஜெக்ட். பழவேற்காட்டு ஏரிக்கு இது சாதாரண விஷயம் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும்போது உப்பு இறங்கிவிடும். கோடையில் முகத்துவாரம் மண் மேடிட்டு அடைத்துக்கொண்டால் ஏரித் தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறி, கடலையே தாண்டிவிடும். கடல் நீரில் ஒரு கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்று கணக்கு. இறால் வருவதும் வராததும், அதனால் வீட்டில் அடுப்பு எரிவதும் எரியாததும் இந்த ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்த விஷயம்.

ஜூன் மாதத்திலிருந்து சித்தப்பா படகில் போகும்போதெல்லாம் நாலைந்து இடங்களில் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருவார். இவள் ஒரு சின்ன ரிஃப்ராக்டோமீட்டரில் வெயிலைப் பார்த்துக் கணக்கு எடுப்பாள். முதல் மூன்று மாதக் கணக்கு இருந்த நோட்டு மழையில் ஊறிப் போய்விட்டது. நல்லவேளையாக அதற்கு முன்பே லேப்டாப்பில் ஏற்றியிருந்தாள். வேறு பிரதி கிடையாது. அந்த அளவுகளுக்குப் பொருத்தமான வளைகோடு போட ஒரு சி புரோகிராம், அதற்கு ஜிஎஸ்எல் என்ற குனு அறிவியல் லைப்ரரி. உபுண்டு 22.04-ல் அபத் மூலம் வருவது கொஞ்சம் பழைய பதிப்பு என்று, 2024-ல் வெளியான 2.8 பதிப்பை மூலநிரலாக இறக்கி, கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று மூன்று படியும் சரியாகச் செய்து நிறுவியிருந்தாள்.

பொங்கல் லீவு முடிந்த மறுநாள் ரிவியூ. லீவின் கடைசி நாள் சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, கம்பைல் ஆவுது, ஓட மாட்டேங்குது. லிப்ஜிஎஸ்எல்.எஸ்ஓ.28 இல்லைங்குது. சீனியர்ஸ் கேட்டா ஃபார்மேட் பண்ணிட்டு புதுசா உபுண்டு போடச் சொல்றாங்க. பென்டிரைவ்கூட ரெடி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழு மாத ஏரி முழுக்க அந்த ஒரு டிஸ்கில் இருக்கிறது! மழை வெள்ளம் வந்த வாரத்துத் தண்ணீரை மறுபடி எங்கே போய்ப் பிடிப்பது? முதலில் அந்தப் பென்டிரைவையே வாங்கி, உபுண்டுவை அழித்துவிட்டு, டேட்டாவை அதில் பிரதி எடுத்தோம். பின்னால் வந்த சித்தப்பா, "இன்னாப்பா, மிஷின் போச்சா?" என்றார். "ஒண்ணும் போகல சித்தப்பா" என்றேன். உண்மையாகவே ஒன்றும் போகவில்லை.

எல்டிடி என்று அடித்து ஒரு இடைவெளி விட்டுப் புரோகிராமின் பெயரைக் கொடுத்தால், அது கேட்கும் லைப்ரரிகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே எங்கே கிடைத்தது என்று இருக்கும். கிடைக்காததற்கு எதிரே "நாட் ஃபவுண்ட்". அவளுடையதில் லிப்சி கிடைத்தது, லிப்எம் கிடைத்தது, ஜிஎஸ்எல்லும் அதன் கூட்டாளி ஜிஎஸ்எல்சிபிளாஸும் நாட் ஃபவுண்ட். இரண்டும் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஃபோல்டரில் பத்திரமாக இருந்தன. மூலநிரலிலிருந்து நிறுவும் பெரும்பாலான லைப்ரரிகள் போய் உட்காரும் இடம் அதுதான். ஜிசிசியோடு வரும் லிங்கர் அந்த ஃபோல்டரைக் கேட்காமலே பார்க்கும், அதனால் கம்பைல் ஆகிவிட்டது. உபுண்டுவில் லோடருக்கும் அந்தத் தெரு தெரியும், ஆனால் கேஷ் பட்டியல் வழியாகத்தான். பட்டியல் பழையது. நிறுவிய பிறகு யாரும் புதுப்பிக்கவில்லை.

சூடோ எல்டிகான்ஃபிக். அவ்வளவுதான், ஒரே கட்டளை. பாஸ்வேர்டு அடித்து, ஒரு நொடி. புரோகிராம் ஓடியது. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை கோடு சறுக்குமரம் மாதிரி கீழே இறங்குவதைத் திரையில் பார்த்த சித்தப்பா, "ஆமா, அப்பதானே தண்ணி கலங்கலா வந்துச்சு" என்றார். அவருக்கு அந்தக் கோடு தேவையே இல்லை என்று தோன்றியது :-)

இதில் வேடிக்கை என்னவென்றால், மேக் இன்ஸ்டால் செய்யும்போதே திரையில் இதற்கு மருந்து எழுதி வரும். "லைப்ரரிகள் இந்த ஃபோல்டரில் நிறுவப்பட்டன, பயன்படுத்த வேண்டுமானால் இதில் ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள்" என்று லிப்டூல் ஒரு பெட்டி மாதிரிக் கோடு போட்டு நாலைந்து வழி சொல்லும். ஆயிரம் வரி ஓடும்போது அதை யார் படிக்கிறார்கள்? கணிப்பொறி பேசுவதிலேயே உருப்படியான பேச்சு அதுதான், அது கண்ணில் படாமல் மேலே போய்விடுகிறது.

ஃபெடோரா, ரெட்ஹேட் வகைகளில் இன்னும் ஒரு படி கூடுதல். அங்கே /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் என்ற தெருவே லோடருக்குத் தெரியாது. /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி ஃபோல்டருக்குள் கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்கி, அதில் அந்தப் பாதையை ஒரு வரியாக எழுதிவிட்டுப் பிறகு எல்டிகான்ஃபிக் ஓட்ட வேண்டும்.

சரி, சூடோ இல்லாதவர்கள்? கல்லூரி லேப் மெஷினில் நமக்கு ஏது ரூட் உரிமை. அவளுக்கும் மறுநாள் அதே பிரச்சினைதான் காத்திருந்தது, துறை மெஷினில் ஓட்டிக் காட்ட வேண்டும். அங்கே தன் ஹோம் ஃபோல்டருக்குள் ஜிஎஸ்எல்லை நிறுவி, மைனஸ் பெரிய எல் போட்டு அந்த ஃபோல்டரின் பாதையைக் கொடுத்துக் கம்பைல் செய்வதுதான் வழி. இந்தப் பெரிய எல் லிங்கருக்கு மட்டும் சொல்லும் ரகசியம். லோடர் காதில் அது விழாது. பலரும் "அதான் பாதை கொடுத்துட்டேனே" என்று ஏமாறுவது இங்கேதான்.

லோடருக்குச் சொல்ல இரண்டு வழி. ஒன்று எல்டி லைப்ரரி பாத் சூழல் மாறி (முழுக்கப் பெரிய எழுத்து, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு). எக்ஸ்போர்ட் செய்துவிட்டு ஓட்டினால் ஓடும். டெர்மினலை மூடினால் மறந்துவிடும். உடனே எல்லோரும் அதை பாஷ்ஆர்சி கோப்பில் நிரந்தரமாக எழுதி வைத்துவிடுகிறார்கள். எனக்கு இது பிடிக்காது. அந்த டெர்மினலிலிருந்து ஓடும் எல்லாப் புரோகிராம்களும் முதலில் அந்த ஃபோல்டரில்தான் தேடும். ஆறு மாதம் கழித்துச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று அங்கே கிடக்கும் பழைய லைப்ரரியை எடுத்துக்கொண்டு விழும்போது காரணம் நினைவுக்கு வராது. சோதித்துப் பார்க்க நல்லது, குடித்தனம் நடத்த நல்லதல்ல. சூடோ போட்டு ஓட்டும் புரோகிராம்களுக்குப் பொதுவாக இது போய்ச் சேராது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று ஆர்பாத். கம்பைல் செய்யும்போது மைனஸ், பெரிய டபிள்யூ, சின்ன எல், கமா, மைனஸ் ஆர்பாத், கமா, பிறகு ஃபோல்டரின் பாதை, நடுவில் இடைவெளி இல்லாமல். முகவரி எக்ஸிக்யூட்டபிளுக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும், வேறு யாரையும் பாதிக்காது. பாதைக்குப் பதில் டாலர் ஆரிஜின் என்று (ஆரிஜின் பெரிய எழுத்தில், ஒற்றை மேற்கோளுக்குள்) கொடுத்தால் "எக்ஸிக்யூட்டபிள் எங்கே இருக்கிறதோ அங்கே" என்று அர்த்தம். லைப்ரரியையும் புரோகிராமையும் ஒரே ஃபோல்டரில் போட்டு எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம். அவள் இதைத்தான் செய்தாள்.

செய்யவே கூடாத ஒன்றும் இருக்கிறது. 28 இல்லையா, 27 இருக்கிறதே, அதற்கு 28 என்று ஒரு சிம்பாலிக் லிங்க் போட்டுவிடு என்று யோசனை சொல்பவர்கள் எங்கும் உண்டு. உபுண்டு 22.04-ல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1 போய் 3 வந்தபோது இந்த வைத்தியம் அமோகமாக நடந்தது. அந்தக் கடைசி எண் அலங்காரத்துக்கு இல்லை. பழசோடு ஒத்துப்போகாத மாற்றம் வந்தால்தான் அந்த எண்ணை மாற்றுகிறார்கள். அண்ணன் பெயரில் தம்பியைப் பரீட்சைக்கு அனுப்பினால், வாசலில் வேண்டுமானால் விடுவார்கள். கேள்வித்தாளைப் பார்த்ததும் தெரிந்துவிடும். புரோகிராம் நடு ஓட்டத்தில் விழும், இல்லாவிட்டால் அதைவிட மோசமாக, தப்பான விடையைச் சத்தமில்லாமல் தரும்.

துறை மெஷினில் அவளை ஏன் மறுபடி கம்பைல் செய்யச் சொன்னேன் என்று கேட்கலாம். லேப்டாப்பில் ஓடுகிற எக்ஸிக்யூட்டபிளை அப்படியே எடுத்துப் போகக் கூடாதா? அங்கே இருந்தது உபுண்டு 20.04, அதில் கிளிப்சி 2.31. அவளுடைய 22.04-ல் 2.35. எடுத்துப் போயிருந்தால் "வெர்ஷன் கிளிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்" என்று வந்திருக்கும். ஏன் 2.34? 2021 ஆகஸ்டில் வந்த அந்தப் பதிப்பில் தனியாக இருந்த பிதிரெட் லைப்ரரியை லிப்சிக்குள்ளேயே சேர்த்தார்கள். புரோகிராமைத் தொடங்கி வைக்கும் ஃபங்ஷனுக்கும் புது முத்திரை குத்தினார்கள். அதனால் அதற்குப் பிறகான மெஷினில் கம்பைல் செய்த ஹலோ வேர்ல்டுகூடப் பழைய மெஷினில் ஓடாது. பழையதில் கம்பைல் செய்தது புதியதில் ஓடும், மறுபக்கம் நடக்காது. இதற்காகக் கிளிப்சியைக் கையால் மாற்ற மட்டும் போகாதீர்கள். எல்எஸ் கட்டளைகூட அதை நம்பித்தான் ஓடுகிறது. பாதியில் கோளாறானால் அப்போது நிஜமாகவே ஃபார்மேட்தான்.

எல்டிடி பற்றி ஒரு எச்சரிக்கை. சில சமயம் அது புரோகிராமையே கொஞ்சம் ஓட்டித்தான் விடை கண்டுபிடிக்கும். முன்பின் தெரியாத இடத்திலிருந்து வந்த கோப்பு என்றால் ஆப்ஜ்டம்ப் மைனஸ் பி என்று கொடுத்து, அதில் "நீடெட்" என்று இருக்கும் வரிகளைப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் எல்டி டீபக் என்ற சூழல் மாறிக்கு (இதுவும் முழுக்கப் பெரிய எழுத்து, நடுவே அடிக்கோடு) லிப்ஸ் என்று மதிப்புக் கொடுத்து ஓட்டுங்கள். லோடர் எந்தெந்த வாசலைத் தட்டினார் என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பார்.

கடைசியாக ஒரு விசித்திரம். 2011 செப்டம்பர் 15 அன்று எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில்தான் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தக் காலத்து மடிக்கணினிகள் சில வீடுகளில் இன்னும் பரணில் இருக்கின்றன. 32-பிட் லினக்ஸ் போட்டிருந்த அப்படி ஒன்றிலிருந்து, பக்கத்து வீட்டு அண்ணன் தன் பழைய சி புரோகிராமை எடுத்து 64-பிட் மெஷினில் போட்டார். ஓட்டினால் "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி". இந்த முறை லைப்ரரி பெயர்கூட இல்லை, புரோகிராமின் பெயரையே சொல்லி அது இல்லை என்றது. எல்எஸ் அடித்தால் இருக்கிறது! காணாமல் போனது புரோகிராம் இல்லை, லோடரே. 32-பிட் புரோகிராம் /லிப்/எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.2 என்ற தனி லோடரைக் கேட்கும், வெறும் 64-பிட் மெஷினில் அது இருக்காது. ஃபைல் என்ற கட்டளையைப் புரோகிராமின் பெயரோடு கொடுத்தால் 32-பிட் என்பதையும், எந்த லோடரைக் கேட்கிறது என்பதையும் சொல்லிவிடும். டிபிகேஜியில் ஐ386 கட்டமைப்பைச் சேர்த்து, பட்டியலைப் புதுப்பித்து, 32-பிட் லிப்சி6-ஐ நிறுவினோம். 2012-ல் அவர் எழுதிய பாம்பு விளையாட்டு மறுபடி நெளிய ஆரம்பித்தது.